மில் சங்கும் பள்ளி மணியும்

வட சென்னையில் ஒரு நடுநிலைப் பள்ளி. ஏழாம் வகுப்பு. மதியச் சாப்பாடு முடிந்த முதல் பீரியட், பாதிப் பிள்ளைகளுக்குக் கண் சொக்கும் நேரம். சமூக அறிவியல் டீச்சர் புத்தகத்தை மூடியே வைத்திருந்தார். "உங்களுக்கு அவசரமா ஒண்ணுக்கு வருது. சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டுறீங்க. நான் போகக் கூடாதுங்கறேன். என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

வகுப்பு விழித்துக்கொண்டது. "அடக்கிப்போம் மிஸ்." "ஓடிடுவேன் மிஸ்." "எங்கம்மாவைக் கூட்டினு வருவேன்." சிரிப்பு அடங்க இரண்டு நிமிடமாயிற்று. ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. "அடக்க முடியலைன்னா மிஸ்?" என்றாள்.

அந்தக் கேள்விக்காகத்தான் டீச்சர் காத்திருந்தார் போல. "அடக்க முடியாமத்தான் போச்சு. சின்னப் பையனுக்கு இல்ல, பெரிய ஆளுக்கு. இதோ இந்தப் பக்கத்துல, பின்னி மில்லுல" என்று கையை நீட்டினார். தறி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளி வெளியே போக அனுமதி கேட்டார். வெள்ளைக்கார அதிகாரி மறுத்துவிட்டார். தொழிலாளியால் தாங்க முடியவில்லை. இருந்த இடத்திலேயே ஆகிவிட்டது. அதற்காக அவமானப்படுத்தப்பட்டார். சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த கதையைச் சொல்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் நிகழ்ச்சி இது. இந்த முறை வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிராந்தியத் தொழிலாளர் வரலாற்றைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியுமா, சொன்னால் புரியுமா என்று கல்வித்துறை நண்பர்கள் பலர் என்னிடம் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். அந்த முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை. அடுத்தவர் அனுமதி இல்லாமல் எழுந்து போக முடியாத நிலை என்னவென்று அந்த வயதுப் பிள்ளைகளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

பின்னி என்று ஊர் சொல்வது பக்கிங்காம், கர்நாடிக் என்ற இரண்டு ஆலைகளை. முதலாவது 1876-லும் இரண்டாவது 1881-லும் வந்தவை. காக்கித் துணிக்குப் பேர்போனவை. முதல் உலகப் போரில் சிப்பாய்கள் உடுத்திய காக்கி இங்கே நெய்யப்பட்டது. ஆலைக்கு அருகே சிறு வணிகம் செய்துவந்த செல்வபதி செட்டியாரும் ராமாஞ்சலு நாயுடுவும் தொழிலாளர் குறைகளைக் காதுகொடுத்துக் கேட்டவர்கள். அவர்கள் போய் அழைத்து வந்தவர் பி.பி. வாடியா. பார்சிக்காரர், அன்னி பெசன்ட்டின் சகா, தமிழ் தெரியாதவர். அவர் ஆங்கிலத்தில் பேசப் பேச, தமிழில் சொல்ல வேறு ஆள் வேண்டியிருந்தது. அப்படிச் சொன்னவர்களில் முதன்மையானவர் திரு.வி.க. சில மாதங்களுக்கு முன்புவரை பள்ளியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1918 ஏப்ரல் 27-ல் சங்கம் அமைந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். வாடியா முதலில் கையிலெடுத்த குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது.

கழிவறையும் சாப்பாட்டு மணியும். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று எழுந்தது இந்த இரண்டுக்கும் மிக அருகிலிருந்துதான். 1948-ல் வந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 19-வது பிரிவு முழுக்கக் கழிவறைகளைப் பற்றியது. ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் கழிவறைக்கு ஒரு பிரிவு எதற்கு என்று டீச்சர் கேட்டபோது, பிள்ளைகள் பதில் சொல்லத் தயாராக இருந்தார்கள்.

அடுத்து டீச்சர் கரும்பலகையில் நான்கு வருடங்களை எழுதினார். 1881: ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஆலையில் வைக்கக் கூடாது, மற்ற சிறுவர்களுக்கு நாளுக்கு ஒன்பது மணி நேரம். 1891: ஒன்பது வயது, ஏழு மணி நேரம். 1922: பன்னிரண்டு வயது, ஆறு மணி நேரம். 1948: பதினான்கு வயது. "இப்ப அவங்கவங்க வயசைப் பாருங்க. எந்த வருஷத்துல நீங்க உள்ள இருந்திருப்பீங்க?"

முணுமுணுப்பாகக் கணக்குப் போட்டார்கள். பன்னிரண்டு முடிந்தவர்கள் 1922-ல் ஆலைக்குள். ஒருவனுக்கு இன்னும் ஒரு மாதம் பாக்கி. தான் தப்பித்துவிட்டதாக அறிவித்தான். பக்கத்தில் இருந்தவன், "ஆனா 1891-ல நீ உள்ளதாண்டா" என்றான். வீட்டில் ஏழு வயதுத் தம்பி இருக்கிறவள் 1881-க்கு எதிரே தம்பி பேரை எழுதினாள். ஆறு மணி நேரம் என்பது ஏறக்குறைய அவர்கள் பள்ளியில் இருக்கிற நேரம் என்பதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இந்த ஆலைகளில் அரை நேர வேலை பார்த்த சிறுவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கென்று ஆலையே பள்ளியும் நடத்தியது. பாதி நாள் தறிக்கூடம், பாதி நாள் பலகை.

நான் கோவைப் பக்கத்து மில் ஊரில் வளர்ந்தவள். சங்கு ஊதினால் அடுப்புப் பற்றும் ஊர். 'அரை நைட்', 'முழு நைட்' என்ற ஷிப்டுச் சொற்கள் எங்களுக்குத் திங்கள், செவ்வாய் மாதிரி. அப்பா முழு நைட் முடிந்து வந்து தூங்கும் வாரங்களில் பாத்திரம்கூடச் சத்தமில்லாமல் கழுவ வேண்டும். அவர் சட்டைப் பையைத் துவைக்கும் முன் உதறினால் பஞ்சு வரும்; அம்மா அதைத் திரி திரித்து விளக்குக்குப் போடுவார். எட்டாம் வகுப்பில் எனக்குத் தொழிற்புரட்சி பாடம் வந்தது. ஹார்கிரீவ்ஸின் நூற்கும் ஜென்னி, ஆர்க்ரைட், கிராம்ப்டன், மான்செஸ்டர் எல்லாம் ஒப்பித்தேன், முழு மதிப்பெண்ணும் வாங்கினேன். வகுப்பில் பாதிப் பேருக்கு அப்பாவோ மாமாவோ ஸ்பின்னிங்கிலோ கார்டிங்கிலோ சிம்ப்ளெக்ஸிலோ நின்றுகொண்டிருந்தார்கள். கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று ஆசிரியர் பெருமையாகச் சொன்னார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. ஆர்க்ரைட்டின் எந்திரம் எப்படி ஓடும் என்று அப்பாவிடம் போய்க் கேட்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பாடம் வேறு, அப்பா வேறு என்று நினைத்தேன். அந்தப் பிரிவினையைப் பள்ளிதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. அதை மறக்க எனக்கு இருபது வருடம் ஆனது.

அவிநாசி சாலையில் நான் போகும் பஸ் சின்னியம்பாளையத்தைத் தாண்டும். 1946 ஜனவரி 8 அன்று ராமையன், சின்னையன், வெங்கடாசலம், ரங்கண்ணன் என்ற நான்கு மில் தொழிலாளர்கள் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் சின்னியம்பாளையத்தில் செங்கொடி ஏறும். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்து, பொங்கலுக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கும் நேரம். பஸ் ஜன்னலிலிருந்து அந்தக் கொடிகளைப் பல வருடம் பார்த்திருக்கிறேன். ஏதோ கட்சிக் கூட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதைச் சொல்லிவிட்டு ஒன்றையும் சொல்ல வேண்டும். சின்னியம்பாளையத்தை ஏழாம் வகுப்பில் வைக்க நான் ஒப்ப மாட்டேன். தொழிலாளர்களைத் துன்புறுத்திய ஓர் அடியாள் கொல்லப்பட்ட வழக்கு அது. ஓர் உயிர் போனதையும், அதற்காக நான்கு உயிர்களை அரசு எடுத்ததையும், அந்த நால்வரை மக்கள் தியாகிகள் என்று வணங்குவதையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்து எடைபோட இன்னும் இரண்டு மூன்று வயது கூட வேண்டும். பாடமாக வரட்டும், ஒன்பதாம் வகுப்பில் வரட்டும். ஆனால் ஊர்ப் பெயரும் நாலு பேர் பெயரும் பஸ்ஸில் போகிற ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கலாம்.

நடுநிலை வகுப்புக்குத் தூத்துக்குடி மிகப் பொருத்தம். வ.உ.சி.யைக் கப்பலோட்டிய தமிழராக எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்; செக்கிழுத்தவராகத் தெரியும். 1908 பிப்ரவரி 27-ல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியபோது அவர்களோடு நின்ற வ.உ.சி.யை எத்தனை பேருக்குத் தெரியும்? ஆலை ஹார்வி நிறுவனத்தாருடையது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் நாள்தோறும் கூட்டம் போட்டார்கள். கேட்டவற்றில் ஒன்று வாரத்துக்கு ஒருநாள் விடுமுறை. பத்து நாள் முடியுமுன் நிர்வாகம் இறங்கி வந்தது. அந்த மார்ச் 12-ல் வ.உ.சி. கைதானதும், மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்ததும், துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்ததும் பிறகு நடந்தவை. 'ஞாயிற்றுக்கிழமை எங்கிருந்து வந்தது' என்று ஒரு வகுப்பைத் தொடங்கினால், பிள்ளைகள் காலண்டரைப் பார்க்கும் விதமே மாறும்.

நான் பார்த்த டீச்சர் வீட்டுப்பாடமாகக் கொடுத்தது ஒரே ஒரு கேள்வி: உங்கள் வீட்டில் வேலைக்குப் போகிற, அல்லது போயிருந்த ஒருவரிடம் அவருடைய ஒரு நாளைக் கேட்டு எழுதி வாருங்கள். எத்தனை மணிக்கு எழுவார், எதில் போவார், எப்போது உட்காருவார், எப்போது சாப்பிடுவார், சம்பளம் எப்படி வரும். சம்பளம் எவ்வளவு என்று கேட்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். 'அப்பா என்ன வேலை பார்க்கிறார்' என்றும் கேட்கவில்லை. காரணம் கேட்டேன். "அப்பா இல்லாத வீடு இருக்கு. அப்பா வேலைக்குப் போகாத வீடு அதைவிட அதிகமா இருக்கு. அந்தக் கேள்வியைக் கேட்டா அம்மாவைச் சொல்ல வேண்டியவன் வெட்கப்படறான்" என்றார். எத்தனையோ பயிற்சிப் பட்டறைகளில் கேட்காத பாடம் எனக்கு அந்த ஒரு பதிலில் கிடைத்தது.

மறுவாரம் வந்த நோட்டுகளைப் புரட்டினேன். ஒரு நோட்டில் தாத்தாவின் பழைய இ.எஸ்.ஐ. அட்டையைப் பார்த்து வரைந்திருந்தது. அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியைத் தெரியாத குடும்பம் அந்தப் பேட்டையில் கிடையாது. அந்த மூன்று எழுத்து ஒரு சட்டத்தின் பெயர் என்றும், சம்பளத்தில் பிடித்த காசில் நடக்கிறது என்றும் அன்றுதான் பல பிள்ளைகளுக்குத் தெரிந்தது. இன்னொரு நோட்டு ஒரு ஜவுளிக் கடை ஊழியரின் நாள். "எங்கம்மா காலைல பத்துலேர்ந்து நைட்டு ஒன்பது வரைக்கும் நிப்பாங்க. கஸ்டமர் இல்லாதப்ப உக்காரலாம்னு இப்ப ஸ்டூல் குடுத்திருக்காங்க, ஆனா உக்காந்தா சூப்பர்வைசர் பாப்பாரு." 2021-ல் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அந்த ஸ்டூலுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருப்பது அந்தப் பையனுக்கும் தெரியாது, அவன் அம்மாவுக்கும் தெரியாது. டீச்சர் சொன்னதும் அவன் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் வருடத்தைக் குறித்துக்கொண்டான்.

குப்பை வண்டி ஓட்டுபவர், ஹார்பரில் கன்டெய்னர் ஏற்றும் ஒப்பந்தத் தொழிலாளி, மூன்று வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர், பைக்கில் சாப்பாடு கொண்டுபோகும் அண்ணன். நாற்பது நோட்டில் மில் இருந்தது ஆறேழில்தான். ஆலைகள் 1996-ல் மூடிவிட்டன. இன்றைய பிள்ளைகளுக்குப் பின்னி மில் என்றால் சினிமா ஷூட்டிங் நடந்த இடம்; வில்லனைக் கதாநாயகன் அடித்துப் போட்ட இடிந்த சுவர்கள். அதனாலேயே இந்த வீட்டுப்பாடம் முக்கியம் என்று படுகிறது. தொழிலாளர் வரலாறு என்றால் மூடிய ஆலையும் கறுப்பு வெள்ளைப் புகைப்படமும் என்று பிள்ளை நினைத்துவிட்டால், பைக்கில் போகும் அண்ணன் அதற்குள் வரமாட்டான்.

இனி 1921-க்கு வருகிறேன். இதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத ஆரம்பித்தேன்.

1918-ஐச் சொல்வது எளிது. அவமானப்பட்டார்கள், சேர்ந்தார்கள், சங்கம் வைத்தார்கள். 1920 கடைசியில் நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போய் வாடியா மீது தடையுத்தரவு வாங்கியதும், தொழிற்சங்கம் நடத்துவதே குற்றமா என்று நாடு கேட்டதும், 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்ததும் சொல்லலாம். நல்ல கதை, நேராக மேலே ஏறும் கதை. பல ஆசிரியர்கள் இங்கே நிறுத்திவிட்டு 1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் கொண்டாடிய மே தினத்துக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதைத் தாண்டத்தான் தாவுகிறார்கள்.

1921 மே மாதம் கர்நாடிக் ஆலையில் தொடங்கிய தகராறு ஜூனில் பக்கிங்காம் ஆலைக்கும் பரவியது. சாதி இந்துத் தொழிலாளர்களும் முஸ்லிம் தொழிலாளர்களும் வெளியே நின்றார்கள். ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். கையில் சேமிப்பு இல்லாதவனுக்கு வேலைநிறுத்தம் என்பது அன்றைய இரவே பட்டினி. அதோடு, சேரியையும் தெருவையும் பிரித்த கோடு சங்கம் வைத்ததால் அழிந்துவிடவில்லை. குடிக்கத் தண்ணீர் தராதவன் கூடவே நின்று கொடி பிடிக்கச் சொன்னால், கேட்கிறவனுக்கு ஒரு தயக்கம் வரத்தான் செய்யும். அந்த ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் மோதல் மூண்டு ஆதி திராவிடர் குடிசைகள் எரிந்தன. வீடிழந்தவர்களுக்கு அரசு முகாம் போட்டது. ஆகஸ்ட் 29-ல் போலீஸ் சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள். அக்டோபரில் வேலைநிறுத்தம் எதையும் பெறாமல் முடிந்தது. அன்று சென்னை மாகாணத்தை ஆண்ட நீதிக் கட்சிக்குள்ளேயே இந்தப் பிளவு வெடித்தது.

திரு.வி.க. வேலைநிறுத்தக்காரர்களின் பக்கம். ஆதி திராவிடத் தொழிலாளர்களுக்காகப் பேசியவர் எம்.சி. ராஜா. இருவரும் பிறந்தது ஒரே ஆண்டில், 1883-ல். இருவரும் இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் படித்தவர்கள். இருவருமே ஆசிரியர் வேலை பார்த்தவர்கள். ஒரே பள்ளிப் படியில் ஏறி இறங்கிய இரண்டு வாத்தியார்கள், முப்பத்தெட்டு வயதில், ஒரே ஆலைத் தொழிலாளர்களுக்காக, எதிரெதிர்ப் பக்கத்தில். இதைவிட நல்ல பாடத்தை யாராலும் எழுதித் தர முடியாது. யார் சரி என்று தேர்வில் கேட்டு மதிப்பெண் போடவும் முடியாது. அதனால்தானோ என்னவோ, இது வகுப்பறைக்கு வருவதே இல்லை.

அந்த டீச்சர் கொண்டுவந்தார். எனக்கு வயிறு கலங்கியது, மறைக்கவில்லை. ஏனென்றால் அந்த வகுப்பில் குடிசை எரிந்தவர்களின் கொள்ளுப் பேரப்பிள்ளைகளும் இருக்கலாம், அந்தப் பக்கம் நின்றவர்களின் கொள்ளுப் பேரப்பிள்ளைகளும் இருக்கலாம். ஒரே பெஞ்சில் இருக்கலாம். டீச்சர் யார் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. "நாம்", "அவர்கள்" என்ற இரண்டு சொற்களையும் அந்தப் பாடம் முழுக்க அவர் பயன்படுத்தவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். மூன்று சீட்டுகள் எழுதி வைத்திருந்தார். ஒன்றில், வீட்டில் ஐந்து பேர், கடன் இல்லை, மளிகைக் கடையில் ஒரு மாதம் கணக்கு வைக்கலாம். இன்னொன்றில், ஐந்து பேர், கடன் உண்டு, கடைக்காரர் அன்றன்றைக்குக் காசு கேட்கிறார். மூன்றாவதில், இரண்டாவது வீடுதான், ஆனால் போன வேலைநிறுத்தத்தின்போது உதவிக்கு யாரும் வரவில்லை. "நாளைக்கு வேலைக்குப் போவீங்களா மாட்டீங்களா? குழுவா பேசி முடிவு பண்ணுங்க."

முதல் சீட்டுக் குழு ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டது. போகமாட்டோம். இரண்டாவது குழுவில் சண்டை. மூன்றாவது குழு ரொம்ப நேரம் பேசவில்லை. கடைசியில் ஒரு பையன் எழுந்து, "போவோம் மிஸ். ஆனா மத்தவங்க கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியல" என்றான். அதன் பிறகுதான் டீச்சர் 1921-ஐச் சொன்னார். தீ வைத்ததைச் சொன்னபோது அதே பையன், "எல்லாம் ஒரே மில்லுல வேலை செஞ்சவங்கதான மிஸ்?" என்றான். ஆமாம் என்றார். "சங்கம் எல்லாருக்கும்னு போன வாரம் சொன்னீங்களே?"

டீச்சர் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. அவன் கேட்டதைக் கரும்பலகையில் எழுதினார், அழிக்காமல் விட்டுவிட்டுப் போனார். அடுத்து வந்த கணக்கு ஆசிரியர் அந்த வரிக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் கணக்குப் போட்டதைப் பார்த்தேன்.

பிள்ளைகள் மனதில் சாதியை விதைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பன்னிரண்டு வயதுக்கு முன்பே அது விதைக்கப்பட்டுவிடுகிறது. எந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம், எந்தக் கோயில் திருவிழாவுக்கு எந்தத் தெரு வழியாக ஊர்வலம் வராது என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். தெரியாதது, தெரிந்ததைப் பற்றி உரக்கப் பேச ஓர் இடம் உண்டு என்பதுதான். திலீப் வீரராகவன் என்ற வரலாற்றாளர், பார்வை இழந்தவர், சென்னை ஐ.ஐ.டி.யில் கற்பித்தவர். சென்னைத் தொழிலாளி வர்க்கம் உருவான கதையை ஆராய்ந்து எழுதினார். அந்த நூல் அவர் மறைந்தபின் 2013-ல் வெளிவந்தது. ஆய்வாளர்கள் 1921-ஐ மூடி வைக்கவில்லை. மூடி வைத்திருப்பது பள்ளிக்கூடம்.

மற்ற மாவட்டங்களுக்கு அந்தந்த ஊரே பாடம். திருச்சியில் பொன்மலை: 1946 செப்டம்பர் 5-ல் ரயில்வே தொழிலாளர்கள் மேல் மலபார் போலீஸ் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். அதே செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். பொன்மலைப் பிள்ளைகள் டீச்சருக்குப் பூ கொடுத்துவிட்டு மறுபக்கம் திரும்பினால் சங்கத் திடல். பொன்மலை ரயில்வே பணிமனை முன்பு நாகப்பட்டினத்தில் இருந்தது, இடம் மாறியது. 1928 தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தின் வேர் அந்தக் காலத்து ஆட்குறைப்பில் இருக்கிறது. நாகையிலிருந்து வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்கலாம். சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் என்றால் ராஜம் கிருஷ்ணனின் 'கூட்டுக்குஞ்சுகள்' இருக்கிறது, தீப்பெட்டித் தொழிலில் வெந்த பிள்ளைகளைப் பற்றியது. விடியுமுன் கிராமத்துக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிப் போன ஆலைப் பஸ்களை இன்று பாட்டியாகிவிட்ட பெண்கள் இன்னும் மறக்கவில்லை.

கீழ்வெண்மணியை என்ன செய்வது? 1968 டிசம்பர் 25 இரவு, நாற்பத்து நான்கு பேர், பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும், ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கீழத்தஞ்சையில் வளரும் பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் மறைக்க முடியாது, கூடாது. ஆனால் எரிந்த உடல்களின் படத்தை ஏழாம் வகுப்பில் காட்டுவதை நான் வன்மையாக மறுப்பேன். படியிலிருந்து தொடங்கலாம். ஒரு படியை வகுப்புக்குக் கொண்டு வந்து நெல் அளந்து காட்டலாம். விவசாயத் தொழிலாளர்கள் கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்டார்கள். அரைப்படி எவ்வளவு என்று ஒவ்வொரு பிள்ளையும் கையால் அள்ளிப் பார்க்கட்டும். அதில் எத்தனை பேர் சாப்பிடலாம் என்று கணக்குப் போடட்டும். 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்ததை அதோடு சேர்த்துச் சொல்லலாம். இறந்தவர்களின் எண்ணிக்கையைச் சொல்லி, வகுப்பில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னால் போதும். அதற்குமேல் ஆசிரியர் பேச வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம். பாடம் முடிக்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், ஆப்பில் ஏற்ற வேண்டும். ஆனால் வளரறி மதிப்பீட்டில் செயல்பாட்டுக்கென்றே மதிப்பெண் இருக்கிறது. பெரும்பாலான பள்ளிகளில் அதைப் படம் ஒட்டியும் சார்ட் வாங்கியும் கழிக்கிறோம். ஒரு பருவத்துக்கு ஒரு நேர்காணல், ஒரு தெரு நடை. அவ்வளவு போதும். 'அரசியல்' என்ற புகார் வரும் என்ற பயமும் இருக்கிறது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்து, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பு வந்ததே, அதைப் பிள்ளைகள் வீட்டு டி.வி.யிலேயே பார்த்தார்கள். எட்டு மணி எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் பன்னிரண்டு மணியைப் பற்றி என்ன புரியும்?

நான் கடைசியாக அந்தப் பள்ளிக்குப் போன நாளில் ஒரு பாட்டி வந்திருந்தார். இ.எஸ்.ஐ. அட்டை வரைந்த பெண்ணின் ஆயா. பேத்தி கேட்ட கேள்விகளுக்குப் பாதிப் பதில் சொல்லிவிட்டு, "மீதிய நானே வந்து சொல்றேன், உங்க டீச்சர் விடுவாங்களா கேளு" என்றாராம். நாற்காலி போட்டார்கள், உட்கார மாட்டேன் என்று நின்றார். பிறகு டீச்சர் தானும் தரையில் உட்கார, அவரும் உட்கார்ந்தார்.

மஞ்சள் பையிலிருந்து ஒரு தூக்குச் சட்டியை எடுத்தார். அலுமினியம், ஒரு பக்கம் நசுங்கியது. தினமும் வெயிலில் மில் கேட்டுவரை அதில் சோறு கொண்டுபோனவர் அவர்தான். அவர் மாமியார் அதற்கு முன் கொண்டுபோனார். நூறு சட்டி ஒரே மாதிரி இருக்கும், மாறிவிடும் என்று தாத்தா மூடியில் ஆணியால் தன் டோக்கன் நம்பரைக் கீறி வைத்திருந்தார். மூடியைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். கை மாறிக் கை போயிற்று. கீறல் தேய்ந்து போயிருந்ததால் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்கள். கடைசி எண் ஒன்றா ஏழா என்று இரண்டு பேருக்குள் தகராறு.

"ஏழு" என்றார் ஆயா, பார்க்காமலே. "சங்கு ஊதினப்புறம் போய் நின்னோம்னு வெச்சிக்கோ, வாங்க ஆள் வரமாட்டாங்க. அன்னிக்கு அவருக்குச் சோறு இல்ல. சரி, மொதல்லேர்ந்து சொல்றேன், கேளுங்க."

பிள்ளைகள் நோட்டைத் திறந்தார்கள்.